ஊழியரின் அவதூறு வழக்குக்கு அறக்கட்டளை பணம் கொடுத்தாலே குற்றமா?

"ஊழியர் தொடுத்த அவதூறு வழக்கின் செலவை அறக்கட்டளை ஏற்றால் அது நன்கொடைத் திருட்டு" என்று இங்கிலாந்தைக் குறிப்பிட்டு ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் அப்படியொரு முழுத் தடை இல்லை. அந்தச் செலவு அறக்கட்டளையின் நோக்கத்துக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. பணி தொடர்பாகப் பேசியதற்காக ஊழியர் மீது வழக்கு வந்தால், அவருக்காக வாதாடச் செலவிடுவதை நியாயப்படுத்துவது எளிது. அவரே வழக்குத் தொடுப்பதுதான் சிக்கல்: வென்றால் இழப்பீடு பொதுவாக அவருக்கே போகும், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம், அதை யார் கட்டுவது? ஆகவே அறங்காவலர்கள் முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற்று, செலவுக்கு உச்சவரம்பு வைத்து, திரும்பப் பெறும் தொகை யாருக்கு என்பதை எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் கண்டிப்பாகக் கேள்வி கேட்கலாம்.

2011 அறக்கட்டளைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி அறங்காவலர்கள், அங்கு அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அமைப்பான அறக்கட்டளை ஆணையத்தின் (Charity Commission) ஆலோசனையையும் கேட்கலாம். வழக்குகள் பற்றிய ஆணையத்தின் வழிகாட்டி GOV.UK என்ற அரசு இணையதளத்தில் உள்ளது. ஆணையத்தின் இணையவழி அறக்கட்டளைப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, ஆண்டுக் கணக்கு இருந்தால் அதையும் அறங்காவலர் அறிக்கையையும் படியுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.