‘குரு’ என்றால் இருளை நீக்குபவரா?

‘கு என்றால் இருள், ரு என்றால் நீக்குபவர், இதுதான் குரு என்ற சொல்லின் மூலம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழகான விளக்கம்தான், அத்வயதாரக உபநிடதத்திலும் இருக்கிறது. ஆனால் அது பக்தி நோக்கில் சொல்லப்பட்ட விளக்கம், சொல் பிறந்த கதை அல்ல.

குரு என்ற சமஸ்கிருதச் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘கனமான’ என்பதே. ரிக்வேதத்திலேயே இந்தப் பொருளில் வருகிறது. கனமானவர், மதிப்புக்குரியவர், அப்புறம் ஆசிரியர் என்று பொருள் விரிந்தது. சமஸ்கிருத யாப்பில் குறுகிய அசையை லகு (லேசானது), நீண்ட அசையை குரு (கனமானது) என்று சொல்கிறார்களே, அங்கே இருளுக்கு என்ன வேலை? அட்டமாசித்திகள் எனப்படும் எட்டு யோக ஆற்றல்களில் உடலைக் கனமாக்குவது கரிமா, லேசாக்குவது லகிமா. இந்தக் கரிமா குருவிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘கனமான’ என்று பொருள்படும் கிராவிஸ் என்ற சொல்லும் இதற்கு உறவு.

சரிபார்ப்பது சுலபம். 1899-ல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸ் சமஸ்கிருத அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ‘குரு’ என்று தேடுங்கள். முதலில் வருவது ‘கனமான’ என்ற பொருள், ஆசிரியர் என்பது பிறகுதான்.