சம்பளம் வாங்கினால் பேர் கேட்கக் கூடாதா?

நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிற, ஒரு பல்கலைக்கழகத் துறையின் சாதனை வீடியோவில் என்னையும் டேக் செய்து "அக்கா, நம்ம ஊரு உலக லெவலுக்குப் போயிருச்சு" என்று எழுதிய எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், உலக சுகாதாரத் துறை இந்த வருடம் சாதித்ததையெல்லாம் வரிசையாகக் காட்டுகிறார்கள். எத்தனை கட்டுரை, எவ்வளவு நிதி, யாருக்கு என்ன விருது. நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சாவடி வருகிறது, நாங்கள் களப்பணி செய்த ரத்தசோகை ஆய்வு வருகிறது, அதை நடத்திய பேராசிரியர் பேசுகிறார். கடைசியில் நன்றி சொல்லும்போது நிதி கொடுத்தவர்கள், புள்ளிவிவரம் பார்த்தவர், கேமராக்காரர் வரைக்கும் பேர் ஓடுகிறது. எங்களுக்கு? "உள்ளூர்க் களக்குழு". கேமராக்காரருக்கு இருக்கிற பேர் எங்களுக்கு இல்லையா என்றுதான் கமெண்டில் கேட்டேன். அதற்கு ஒரு தம்பி வந்து "சம்பளம் வாங்கினீங்கள்ல, அப்புறம் என்ன?" என்று போட, அதற்கு லைக் குவிகிறது.

வாங்கினேன் தம்பி. பேராசிரியரும்தான் சம்பளம் வாங்குகிறார், அவர் பேர் முதலில் நிற்கிறதே. சம்பளம் வாங்கினால் பேர் கிடையாது என்பதுதான் விதி என்றால் எல்லாருக்கும் அதையே வையுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்த வீடியோவில் ஓர் இடம் வருகிறது, கவனித்தீர்களா? ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைக்க இந்தப் பகுதிப் பெரியவர்கள் தயங்குவதற்குப் பின்னால் காலனிய வரலாறு இருப்பதை "நாங்கள் கண்டறிந்தோம்" என்கிறார் பேராசிரியர். கண்டறிந்தார்களாம்! நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் "ரத்தம் வேணும்னா எடுத்துக்கங்க, ரேகை மட்டும் கேக்காதீக" என்று சொல்லிவிட்டார். ஆய்வுக்கே வர மாட்டேன் என்கிறார் என நினைத்து, பேராசிரியர் 'மறுப்பு' என்று குறித்துக்கொண்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து நான்தான் சொன்னேன். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே ரேகைச் சட்டமாகத்தான் வந்தது, ஊர் ஊராகக் கைரேகை எடுத்தார்கள், அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் செத்தார்கள், ஆம்பிளைகள் ராத்திரியானால் போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது, 1947-இல்தான் மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது என்று. என் அப்பத்தா தூங்க வைக்கச் சொன்ன கதை அது. அதற்குப் பிறகுதான் ரேகை வேண்டாம், சாட்சி வைத்து வாய்மொழியாகச் சம்மதம் வாங்கலாம் என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்கள் எங்களை வீட்டுக்குள்ளேயே விட்டார்கள்.

கட்டுரையில் பேர் போடுவதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது, அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்கிறார் இன்னொருவர். தெரியும் சார். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. முதல் நிபந்தனைக்கு உரியவர்களுக்கு மற்ற மூன்றிலும் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. எழுதும்போது கூப்பிடவே மாட்டார்கள், அப்புறம் எழுதவில்லையே அதனால் பேர் இல்லை என்பார்கள். இடம் போதாது என்று சமாளிக்க வேண்டாம். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த இயற்பியல் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குகிற ஆட்கள்.

மானிடவியல் துறையே தேவையில்லை என்று நான் சொன்னதாகவும் திரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. ஆனால் நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஏன் அரிசிப் பானைக்குள் அப்படியே கிடக்கிறது என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. கூட உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். பப்புவா நியூகினியில் 'குரு' என்கிற மூளை நோய் ஏன் பெண்களையும் பிள்ளைகளையும் அதிகம் கொன்றது என்பதைச் சொந்த பந்தம், செத்தவர் உடலை உறவினர் உண்கிற சாவுச் சடங்கு எல்லாம் விசாரித்துத் துப்புக் கொடுத்தவர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற மானிடவியலாளர்கள். ஆனால் 1976-இல் நோபல் பரிசு, அந்த நோயை ஆராய்ந்த டாக்டர் கைடுசெக்குக்குப் போனது. புகழ் பூராவும் டாக்டர்களுக்கே போகிறது என்ற அந்த வருத்தத்தை எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது பேராசிரியரே சொன்னார். நானும் உச்சுக் கொட்டிக் கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. தரையில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது தூங்காமல் பார்த்துக்கொண்டவர். நல்லவர் என்பதால்தான் வலிக்கிறது, இல்லாவிட்டால் போங்கடா என்று போயிருப்பேன்.

சரி, என் பேரை விடுங்கள். பேர் இல்லாமல் போனால் நான் ஒன்றும் செத்துவிட மாட்டேன். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, உலை வைக்கிற நேரத்தில் ரத்தம் எடுக்க விரலை நீட்டிய பெண்களுக்கு என்ன பதில்? ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அங்கேயே சொன்னோம், 12-க்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னோம். அது சரி. ஆனால் மாமியாரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் மணிக்கணக்காகச் சொன்னார்களே, அதிலிருந்து என்ன தெரிந்தது என்று யார் போய்ச் சொன்னது? ஆய்வின் முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்றவர்களுக்குத் தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 வடிவத்திலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்து "ஏத்தா, அம்புட்டுப் பேசுனோமே, என்னதேன் முடிவு கட்டுனாக?" என்று கேட்கிறார்கள். பேராசிரியரையா கேட்பார்கள்? அவர் விமானம் ஏறிவிட்டார், நான் செக்கானூரணி பஸ்ஸில்தானே ஏற வேண்டும்! கட்டுரையைக் காட்டலாமென்றால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, காசு கட்டினால்தான் திறக்கும். என்னிடமே பிரதி இல்லை.

"இப்படிப் பேசினா அடுத்த பிராஜெக்ட்ல கூப்பிட மாட்டாங்க அக்கா" என்று இன்பாக்ஸில் வந்து அக்கறையாகச் சொன்னவர்களுக்கு நன்றி. கூப்பிட வேண்டாம். வீடியோவில் இன்னும் யாராவது டேக் செய்தால் பிளாக் செய்துவிடுவேன். பேராசிரியருக்கு மெயில் போட்டிருக்கிறேன்: களத்தில் இருந்தவர்களின் பேர்ப் பட்டியலும், முடிவுகளைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி ஊருக்குக் கொடுக்க அனுமதியும். எழுதுகிற வேலையைச் சம்பளமில்லாமலே செய்கிறேன் என்றும் போட்டிருக்கிறேன். அந்தத் தம்பிக்கு இப்போது திருப்திதானே?