அல்லாஹு அஃலம்: எங்கே சொல்வது, எங்கே சொல்லக்கூடாது

"கருவறையில் இருப்பதை அல்லாஹ்தான் அறிவான் என்று குர்ஆன் சொல்கிறது. ஆணா பெண்ணா என்று ஸ்கேன் மெஷினே சொல்லிவிடுகிறதே?" இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. கேட்பவர் மார்க்கத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டிவிட்ட தெம்பில் கேட்கிறார். பதில் சொல்ல வரும் நம்மவர்களில் சிலர் அதைவிட மோசம். "ஸ்கேன் சில நேரம் தப்பாகும் இல்லையா, அங்கேதான் அல்லாஹ்வின் வல்லமை" என்கிறார்கள். அப்படியானால் மெஷின் துல்லியமாக ஆக, அல்லாஹ்வின் அறிவுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகுமா? இப்படி ஒரு ஈமானை (இறைநம்பிக்கையை) யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

வசனத்தை எடுத்துப் பாருங்கள். லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனம், 31:34. மறுமை நாள் எப்போது, மழை, கருவறைகளில் உள்ளவை, நாளை ஒருவர் என்ன சம்பாதிப்பார், எந்த மண்ணில் மரணிப்பார் என ஐந்து விஷயங்கள் வருகின்றன. "கருவறைகளில் உள்ளவை" என்றால் ஆண், பெண் என்ற ஒற்றைத் தகவலா? அந்த உயிரின் ஆயுள், ரிஸ்க் (வாழ்வாதாரம்), அது எப்படிப்பட்ட மனிதராகும் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கரு 42 இரவுகளைக் கடந்ததும் ஒரு வானவர் அனுப்பப்படுகிறார். "இறைவா, ஆணா, பெண்ணா?" என்று கேட்கிறார். இறைவன் நாடியதை முடிவு செய்கிறான், வானவர் எழுதிக்கொள்கிறார். ஆக, அந்தக் கட்டத்துக்குப் பிறகு அது படைப்பினம் ஒன்றுக்குத் தெரிந்துவிட்ட செய்தி. உறுப்பு உருவாகி, 18 முதல் 20 வாரத்தில் ஒலி அலையை அனுப்பிப் பார்க்கிற டாக்டருக்கும் அது தெரிவதில் வசனத்தோடு என்ன முரண்?

ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) மறைவானதை இரண்டாகப் பிரித்தே பேசியிருக்கிறார்கள். ஒன்று கைப் முத்லக். அல்லாஹ் அறிவித்துக் கொடுத்தாலன்றி எந்தப் படைப்புக்கும் எட்டாதது. மறுமை நாளின் நேரம் அந்த வகை. வானவர் ஜிப்ரீல் (அலை) அதைப் பற்றிக் கேட்டபோது "கேட்கப்பட்டவர் கேட்பவரைவிட அறிந்தவர் அல்ல" என்றுதான் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். மற்றது கைப் நிஸ்பீ. ஒருவருக்கு மறைந்திருக்கும், இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். இன்று மறைந்திருக்கும், நாளை வெளிப்படும். சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தபடியே மரணித்துவிட்டார்கள். கண்ணெதிரே நின்ற உடலைப் பார்த்தும் ஜின்களுக்கு விளங்கவில்லை. கரையான் தடியை அரித்து உடல் சாய்ந்த பிறகுதான் தெரிந்தது (34:14). ஜின் வைத்துக் குறி சொல்கிறேன் என்பவர்களிடம் காசு கொடுக்கப் போகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை மட்டுமாவது ஓதிவிட்டுப் போகலாம்.

இந்த இரண்டு வகையையும் குழப்புவதில்தான் எல்லாச் சிக்கலும். முத்லக்கைத் துருவுகிறவர் வரம்பு மீறுகிறார். நிஸ்பீயைத் தேடாமல் "அல்லாஹு அஃலம்" (அல்லாஹ்வே நன்கறிந்தவன்) என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறவர் சோம்பலுக்குப் பக்திச் சட்டை மாட்டுகிறார். என்னைக் கேட்டால், நம் சமூகத்தில் இரண்டாமவர்தான் அதிகம்.

கிரகணத்தைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தையாக இருக்கும்போதே இறந்த அன்று சூரிய கிரகணம். கி.பி. 632 ஜனவரி 27 என்று பின்னால் கணித்திருக்கிறார்கள். மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நபிக்கு ஆதரவாக, கேட்பதற்கு இதமாக இருக்கும் விளக்கம் அது. அந்தத் துக்கத்திலும் அதை அவர்கள் விட்டுவைக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரு அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். கூடவே தொழச் சொன்னார்கள். ஒரு ரக்அத்துக்கு (தொழுகைச் சுற்றுக்கு) இரண்டு ருகூஉ (குனிதல்) வைத்து நீண்ட தொழுகை. காரணம் தெரியாத பயத்தில் பிறந்த தொழுகை என்றால், நேரத்தை நிமிடக் கணக்கில் முன்கூட்டியே அறியும் காலத்தில் அது காலாவதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, இன்றும் தொழுகிறோம். "எப்படி நடக்கிறது" என்பதற்கு விடை கிடைத்ததால், "நடத்துபவன் முன் நான் யார்" என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையிலேயே இந்த இடத்தைத் தொடுகிறார். சந்திரனுக்கும் சூரியனுக்கும் நடுவே பூமி வருவதால் சந்திர கிரகணம் என்பது கணக்கால் நிறுவப்பட்டது. மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து இதை மறுப்பவர் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறார் என்கிறார். காரணமும் சொல்கிறார்: கணக்கைச் சரிபார்த்தவன் நீங்கள் மறுப்பதைக் கேட்டுக் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். 900 வருடத்துக்கு மேலாகியும் இந்த எச்சரிக்கைக்கு வேலை குறையவில்லை. (இதன் மறுபக்கமும் உண்டு. நேற்று வந்த ஆய்வு ஒவ்வொன்றையும் ஒரு வசனத்தில் ஒட்டி "அன்றே சொன்னது" என்று பரப்புவது. அந்த ஆய்வை நாளைக்கு மாற்றி எழுதினால் வசனத்தையும் பிய்த்தெடுப்பீர்களா?)

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னு ஷாத்திர் (மறைவு 1375). சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் அமைத்த கணித மாதிரியும், சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து கோப்பர்நிக்கஸ் பயன்படுத்தியதும் ஏறத்தாழ ஒன்றே. பாங்கு சொல்லும் நேரத்துக்காக வானத்தை அளந்தவருக்கு ஈமான் குறுக்கே நிற்கவில்லை.

சரி, நிறுத்த வேண்டிய இடத்தில் எப்படி நிறுத்துவது? இதற்கு இமாம் மாலிக் (மறைவு 795) கொடுத்த பதிலைவிடத் தெளிவானது கிடைக்காது. "அர்ரஹ்மான் (அருளாளன்) அர்ஷின் (அரியணையின்) மீது இஸ்திவா ஆனான் (உயர்ந்தான்) என்று குர்ஆனில் வருகிறதே, எப்படி இஸ்திவா ஆனான்?" என்று ஒருவர் கேட்டார். இமாம் தலைகுனிந்தார், வியர்த்துக் கொட்டியது. பிறகு சொன்னார்: இஸ்திவா அறியப்பட்டது, எப்படி என்பது அறிவுக்கு எட்டாது, நம்புவது கடமை, அதைத் துருவிக் கேட்பது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்துவது). நிறுத்தக்கோடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வசனத்துக்குப் பொருளே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. "எப்படி" என்பதை மட்டும் மூடினார். அல்லாஹ்வின் தன்மைகள், ரூஹ் (உயிர்), பர்ஸக் வாழ்க்கை (மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்டது), கத்ர் (விதி) எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல் செல்லும். சொல்லப்பட்டதைக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்லப்படாத விதத்தைக் கற்பனையால் நிரப்பாதீர்கள்.

அதே இமாமிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டு, 32க்கு "எனக்குத் தெரியாது" என்றார் என்று அறிவிக்கப்படுகிறது. அது தேடி முடித்தவரின் "தெரியாது". ஒரு தஃப்ஸீரைக்கூட (குர்ஆன் விரிவுரையை)ப் புரட்டாதவர் சொல்லும் "அல்லாஹு அஃலம்" அதோடு சேராது.

மனதைக் குடையும் எண்ணங்களில் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கும் வழிமுறை இருக்கிறது. "இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார்" என்று கேட்டுவந்து, கடைசியில் "உன் இறைவனைப் படைத்தது யார்" என்று ஷைத்தான் கேட்பான். அந்த இடத்தில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, நிறுத்திவிடுங்கள் என்பது நபிமொழி. "ஆமன்து பில்லாஹ்" (அல்லாஹ்வை நம்பினேன்) என்று சொல்லும்படியும் வந்திருக்கிறது. வாயால் சொல்லக்கூட அஞ்சும் எண்ணங்கள் வருவதாக ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) முறையிட்டபோது, "அதுதான் தெளிவான ஈமான்" என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த அச்சம் ஈமானின் அடையாளம்.

ஆனால் எல்லாக் கேள்வியும் வஸ்வாஸ் (ஷைத்தான் கிளப்பும் ஊசலாட்டம்) இல்லை. பிரித்தறிய ஒரு வழி: பதில் கிடைத்ததும் கேள்வி அடங்கினால் அது அறிவுத் தேடல், ஆலிமிடம் போங்கள், நூலைப் புரட்டுங்கள். பதில் கிடைத்த பிறகும் அதே எண்ணம் வேஷம் மாற்றித் திரும்பத் திரும்ப வந்தால் அது வஸ்வாஸ். அதற்கு வாதத்தால் பதில் சொல்லச் சொல்ல அது கொழுக்கும். அங்கே மருந்து நிறுத்துவதும் வேறு வேலையில் இறங்குவதும்தான். இதை மாற்றிச் செய்பவர்களால்தான் இரண்டு பக்கமும் சேதம். உண்மையான சந்தேகத்தோடு வரும் இளைஞரை "வஸ்வாஸ், அவூது (பாதுகாப்புத் தேடும் சொல்) ஓது" என்று விரட்டுகிறார்கள். வஸ்வாஸில் தவிப்பவருக்கு மூன்று மணி நேரம் தத்துவ வகுப்பு எடுக்கிறார்கள்.

பிள்ளைகளிடமும் இதே கவனம் வேண்டும். "அல்லாஹ் எப்படி இருப்பான்?" என்று கேட்டால், "அவனைப் போல எதுவும் இல்லை" என்ற 42:11 வசனத்தைச் சொல்லி நிறுத்துங்கள், படம் வரைந்து காட்ட முயல வேண்டாம். "மழை எப்படிப் பெய்கிறது?" என்று கேட்டால், "அல்லாஹ் பெய்ய வைக்கிறான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். காற்று மேகங்களைக் கிளப்புவதையும், அவை வானில் பரவித் துண்டு துண்டாகி நடுவிலிருந்து மழை வெளிவருவதையும் 30:48 விவரிக்கிறது. நீர் ஆவியாவதையும் குளிர்ந்து துளியாவதையும் அதோடு சேர்த்தே விளக்கலாம். நமக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து தேடிப் பார்க்கலாம்.