அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனையில் சேரத் தொண்டு அமைப்பில் காசு கட்ட வேண்டுமா?

வெள்ளவத்தைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "மகரகம அபேக்ஷாவில் இடம் கிடைக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு புற்றுநோய்த் தொண்டு அமைப்பில் காசு கட்டிப் பதிய வேண்டும்."

இது பொய். அபேக்ஷா அரச மருத்துவமனை, சிகிச்சை இலவசம். வைத்தியரின் கடிதத்தையும் பயொப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, தொண்டு அமைப்புகள் எதற்கு? கீமோ முடிந்து, கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி 138 பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். போக்குவரத்துச் செலவு, தூரத்து ஊர்க்காரருக்குத் தங்க இடம், ஆறுதலாக இரண்டு வார்த்தை: இங்கேதான் அவர்கள் கைகொடுக்கிறார்கள். 1948இல் தொடங்கிய இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் மகரகமவில் 'சாந்த செவன' பராமரிப்பு இல்லத்தை நடத்துகிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. அங்கும் வைத்தியம் பார்ப்பது அரச வைத்தியர்கள்தான்.

உடம்பில் கட்டி ஏதும் தட்டுப்பட்டால், நாரஹேன்பிட்டியிலுள்ள அரச புற்றுநோய் முற்கூட்டிய பரிசோதனை நிலையத்துக்கு நேரே போகலாம். அந்தப் பதிவை அனுப்பியவருக்கு இதையும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.