மழை வந்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடும் குழந்தை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேனும் காரும் அடித்துப்போன வீடியோ பலருக்கு ஞாபகம் இருக்கும். என் மகளுடன் படிக்கும் பெண்ணின் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் புகுந்துவிட்டது. (அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய் ஒரு மாடி வீட்டில் விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் வானம் இருட்டினாலே அவள் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ராத்திரி பாயை நனைக்க ஆரம்பித்தாள். விளையாட்டும் ஒரே விளையாட்டுதான்: தொட்டித் தண்ணீரில் செருப்பை மிதக்கவிட்டு மூழ்கடிப்பாள், எடுப்பாள், மறுபடி மூழ்கடிப்பாள். "ஏழு வயசாச்சு, இன்னும் என்ன நடிப்பு" என்று பெரியவர்கள் அதட்டினார்கள். என் மகளும் வீட்டுக்கு வந்து, "அவ சும்மா நடிக்கிறாம்மா" என்றாள்.

அந்தச் சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் தெருவில் கருப்பன் என்று ஒரு நாய். என் மகளுக்கு அது என்றால் உயிர். "கருப்பனை யாரோ கல்லால அடிச்சாங்கல்ல? இப்ப நீ பிஸ்கட் போடக் கையைத் தூக்கினாலும் ஏன் ஓடுது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதுக்குக் கல்லுன்னு தோணுது" என்றாள். "அவளுக்கும் மழைச் சத்தம் கேட்டா அந்த நாள் திரும்ப வந்துட்ட மாதிரி நெஞ்சு படபடன்னு அடிக்கும். வேணும்னு பண்றதில்ல." அதற்கு மேல் விளக்கவில்லை. அந்த வயதுக்கு அது போதும்.

இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். துருவித் துருவிக் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேள், பக்கத்தில் இரு. இன்னொன்று, அவள் சொல்வது உனக்கே பயமாக இருந்தால், ரகசியம் என்று சொல்லியிருந்தாலும் என்னிடம் வந்து சொல், அது கோள் சொல்வது ஆகாது. தோழியின் பாரத்தை இன்னொரு சின்னத் தலையில் ஏற்றிவிடக் கூடாது அல்லவா?

பாட்டிமார்கள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் அதைக் குறையே சொல்ல மாட்டேன். குழந்தை பயந்திருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால் கயிறோடு நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

போன வாரம் மத்தியானம் இடி இடித்திருக்கிறது. என் மகளும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாளாம். இரண்டு பேரும் அங்கேயே புளியங்கொட்டையைக் குவித்து ஊதி விளையாடியிருக்கிறார்கள். மிஸ் அதட்டவில்லை. மழை விடுகிறவரை அப்படியே விட்டுவிட்டார்.