ஐந்தாண்டுத் திட்டத்தில் அடங்காத ஆராய்ச்சி

வாழ்நாள் சாதனையாளர் விருது என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நம் ஊர்த் தமிழ் விழாக்களில் பொன்னாடைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆனால் மனித மரபியலுக்கு அப்படியொரு விருது இருந்தே ஆக வேண்டும் என்பேன். மரபியலாளர்கள் ஆராயும் பழ ஈக்கு இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். மனிதனுக்கு இருபத்தைந்து ஆண்டாவது வேண்டும். தான் சொன்னது சரிதானா என்று தெரிவதற்குள் ஆராய்ச்சியாளருக்குத் தலை நரைத்துவிடும்.

அப்படி நீண்ட கால ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்க மனித மரபியல் சங்கம் 1961இல் ஏற்படுத்திய வில்லியம் ஆலன் விருதை 2003இல் பெற்றவர் டேவிட் வெதரால். அவருடைய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் சிங்கப்பூர். 1950களில் பிரிட்டனிலும் தேசிய சேவை கட்டாயம். அந்த வகையில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்கு வந்த இளம் மருத்துவர் அவர். கூர்க்கா வீரர் ஒருவரின் சிறு மகள் ரத்தம் ஏற்றி ஏற்றியே உயிரோடு இருந்தாள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. வெதரால் இங்கிருந்த பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் ஃபிராங்க் வெல்லாவைத் தேடிப்போனார். வடிதாளும் கார் பேட்டரியும் கொண்டு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தார்கள். தலசீமியா! ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோய். மத்தியதரைக் கடல் மக்களின் நோய் என்று கருதப்பட்டது நேப்பாளக் குடும்பத்தில் இருந்தது. 1960இல் கட்டுரை வெளிவந்தது. அனுமதியின்றி ராணுவக் குடும்பத்தின் நோயை எழுதியதற்காக மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். (மேலிடங்கள் எங்கும் ஒன்றுதான்.)

பிறகு ஜான் கிளெக்குடன் சேர்ந்து, ஹீமோகுளோபினின் ஆல்ஃபா, பீட்டா புரதச் சங்கிலிகள் எந்த அளவில் உற்பத்தியாகின்றன என்று அளக்கும் முறையை 1960களில் உருவாக்கினார். இரண்டும் சமமாக இல்லாததே நோயின் அடிப்படை என்பது அப்போதுதான் தெளிவானது. விருது வந்து சேர்ந்தபோது, கூர்க்கா சிறுமியைப் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இங்கே ஆராய்ச்சிக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்குகிறோம். தாராளமாகத்தான் ஒதுக்குகிறோம், அதில் குறையில்லை. என் மனத்தாங்கல் அவசரத்தில்தான். தேசிய தலசீமியா பதிவகம் 1992இல் தொடங்கியது. தனக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்குக் கடத்தக்கூடிய மரபணுக் குறை உள்ளவரைக் கண்டறிந்தால் அவருடைய உறவினர்களையும் சோதனைக்கு அழைக்கிறார்கள். அன்று சோதிக்கப்பட்ட குழந்தைகள் இப்போதுதான் மணமுடித்துப் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். பிறக்கும் பிள்ளை மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலை வராமல் அந்தச் சோதனை தடுத்திருந்தால், அந்தப் பலனை எந்த ஐந்தாண்டு அறிக்கையில், எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?