கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள்

குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்கிற இடத்தில் ஒரு டூரிஸ்ட் கார் என்னை ஒட்டியே வந்து வளைவில் முந்தியதை நேற்று எழுதியதிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்விதான். "நீ ஏன் வழி விடவில்லை?" தனித்தனியாகப் பதில் சொல்லித் தீரவில்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து இரண்டாவது கியரில் மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மா. காட்டேரியிலிருந்தே அந்த வெள்ளைக் கார் என் டிக்கியை முட்டுகிற மாதிரிதான் வந்தது. கண்ணாடியில் அதன் நம்பர் பிளேட்கூடத் தெரியவில்லை, அவ்வளவு நெருக்கம். ஹார்ன், ஹை பீம், மறுபடி ஹார்ன். கடைசியில் வளைவிலேயே முந்தினார். எதிரே ஏறி வந்த பஸ் பிரேக் அடித்து நின்றது. ஏற்றத்தில் நின்ற வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பிக்க, கண்டக்டர் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். அதற்குள் அந்தக் கார் அடுத்த வளைவில் மறைந்துவிட்டது.

இதில் தப்பு என்னுடையதாம்.

30 கிலோமீட்டர் வேகத்தில் போனால்கூட ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடும். முன்னால் போகிறவன் பிரேக் போடுவதைப் பார்த்து நம் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகும். ஒரு முழ இடைவெளியில் வருகிறவர் எங்கே நிற்பார்? என் மேல்தான்.

அப்பா தேயிலை மூட்டை லாரி ஓட்டியவர். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பார். சின்ன வயதில் கூடப் போகும்போது பர்லியாரில் நிறுத்தி எனக்கு மங்குஸ்தான் வாங்கித் தருவார். நான் உரித்துத் தின்று முடிக்கிற வரை ஒவ்வொரு சக்கரமாகப் போய், தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். ஒட்டிக்கொண்டு வருகிறவர் நொடிக்கொரு தரம் மிதித்தே ஆக வேண்டும். என்னைவிட அவர் பிரேக்தான் முதலில் சூடேறும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இடைவெளி விடுங்கள்.

"ஒதுங்க வேண்டியதுதானே?" ஒதுங்குகிறேன், இடம் இருக்கும்போது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு நடுவில் எங்கே ஒதுங்கட்டும்? ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உங்க ஊர் ஜீப்காரங்க ஒழுங்கா?" எல்லோரும் இல்லை, சரி. அதற்காக இது நியாயமாகிவிடுமா?

"டூரிஸ்ட் வராவிட்டால் உங்களுக்குப் பிழைப்பு ஏது?" இதுதான் மனசை உறுத்துகிறது. வாருங்கள், யார் வேண்டாம் என்றது? 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு ஆன்லைனில் இ-பாஸ் அனுமதி எடுத்துத்தான் வருகிறீர்கள். வண்டி நம்பர் கேட்கிற அந்தப் பாஸ், மலையில் ஓட்டத் தெரியுமா என்று கேட்பதில்லை. உங்களுக்கு இது இரண்டு நாள் பாதை. எங்களுக்குக் காய்கறி ஏறுவது இதில்தான், கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் இறங்குவதும் இதில்தான். நேற்று நாங்கள் போனதும் அம்மாவின் செக்கப்புக்குத்தான்.

கல்லாறு வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி ஏறும்போது என் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்த கையைக் குன்னூர் வரும்வரை எடுக்கவில்லை. அடுத்த மாதம் டாக்டரிடம் கட்டாயம் போகணுமா என்று இன்று காலையில் கேட்கிறாள்.